பிரிட்டனில் ஒழிந்த தூக்கு அதன் தீவுகளில் நீடித்தது ஏன்?

'தன் மண்ணில் தூக்கை நிறுத்திய பிரிட்டன், தன் ஆட்சியில் இருந்த தீவுகளில் அதை ஏன் விட்டுவைத்தது? லண்டனுக்கு அதிகாரம் இல்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிகாரம் இருந்தது. அதைப் பயன்படுத்த மனம்தான் வரவில்லை.

கொலைக்கான மரண தண்டனையை 1965இல் ஐந்தாண்டுக்கு நிறுத்திவைத்த நாடாளுமன்றம், 1969இல் அதை நிரந்தரமாக்கியது. அந்தச் சட்டம் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளைத் தொடவே இல்லை.

வட அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆளும் பெர்முடா தீவில் நடந்ததைப் பாருங்கள். 1973 மார்ச் 10 இரவு, ஆளுநர் ரிச்சர்ட் ஷார்ப்பிள்ஸ் தன் மாளிகைத் தோட்டத்தில் நாயோடு உலாவிக்கொண்டிருந்தார். அவரையும் உடன் வந்த இளம் ராணுவ அதிகாரியையும் சுட்டுக் கொன்றார்கள். நாயையும் விடவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்பு போலீஸ் கமிஷனர் கொல்லப்பட்டிருந்தார். இவற்றில் எர்ஸ்கின் பரோஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட லாரி டாக்லினை ஆளுநர் கொலையிலிருந்து ஜூரி விடுவித்தது. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடந்த இரட்டைக் கொலைக்காகத்தான் அவருக்குத் தூக்கு.

முப்பது ஆண்டுக்கு மேல் யாரையும் தூக்கிலிடாத தீவு அது. கருணை மனு லண்டன்வரை போனது. தண்டனையைக் குறைக்கும்படி அரசிக்குப் பரிந்துரைக்க வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவன் முன்வரவில்லை. உள்ளூர் முடிவில் தலையிடுவதற்கில்லை என்பதுதான் நிலைப்பாடு. 1977 டிசம்பர் 2 அன்று இருவரையும் தூக்கிலிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் உலகில் எங்குமே அதற்குப் பிறகு தூக்கு நடக்கவில்லை. ஊர் பற்றி எரிந்தது. ஒரு ஹோட்டல் தீயில் மூன்று பேர் செத்தார்கள். கலவரத்தை அடக்கப் பிரிட்டனிலிருந்து படை வந்தது. கருணை காட்ட எட்டாத தூரம், படை அனுப்ப மட்டும் எட்டியதே என்ற கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது 1991க்கு வாருங்கள். அங்குயிலா, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், கேமன், மான்செராட், டர்க்ஸ் அண்ட் கேகோஸ் ஆகிய ஐந்து கரீபியன் ஆட்சிப்பகுதிகளிலும் கொலைக்கான மரண தண்டனையை லண்டன் ஒரே அரசாணையில் ஒழித்தது. நீங்களே சட்டத்தை மாற்றுங்கள் என்று முதலில் கேட்டுப் பார்த்தார்கள். அங்குள்ள சட்டமன்றங்கள் அசையவில்லை. உள்ளூர் விருப்பம் அப்போது குறுக்கே நிற்கவில்லை. பெர்முடாவுக்குத் தன்னாட்சி அதிகம் என்பதால் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். 1999இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அதற்கும் நெருக்கடி கொடுத்தார்கள். அந்த ஆண்டே பெர்முடா தன் சட்டமன்றத்திலேயே தூக்கை ஒழித்தது.

மக்களைக் கேட்காமல் மேலிருந்து ஆணை போடுவது காலனிப் புத்தி இல்லையா என்று அந்தத் தீவுக்காரர்கள் கேட்டால், ஆமாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் அந்த ஆணை வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பதற்கு ஓர் உதாரணம்: இன்னொரு கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸோடு ஒரே காலனியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த தீவு அங்குயிலா. 1967இல் சண்டை போட்டுப் பிரிந்து, பிரிட்டனோடு தங்கிவிட்டது. செயின்ட் கிட்ஸ் 1983இல் சுதந்திரம் பெற்றது. தூக்குக்கு இடம் தரும் பழைய சட்டமும் அதனோடு நீடித்தது. அங்கே 2008 டிசம்பரில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அங்குயிலாவில் அதைச் சட்டத்திலிருந்தே எடுத்து அப்போது பதினேழு ஆண்டு ஆகியிருந்தது.