நுரை வந்தால் கறை போய்விடுமா?

கேள்வி: தவழும் குழந்தை இருப்பதால், வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்துதான் குளியலறையைச் சுத்தம் செய்கிறேன். நன்றாக நுரைத்தும், குழாயில் படிந்த வெள்ளைக் கறை போகவில்லை. கூடவே ப்ளீச்சிங் பவுடரும் சேர்க்கலாமா?

பதில்: ஒருபோதும் சேர்க்காதீர்கள். வினிகரோ எலுமிச்சைச் சாறோ ப்ளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வெளியாகி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோடு தவழும் குழந்தையை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் நுரை வெறும் கரியமில வாயுதான். வினிகரின் அமிலமும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கறையைக் கரைக்கும் திறனற்ற உப்புநீராகிவிடுகின்றன. குழாயில் உள்ள வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்ற சுண்ணாம்புப் பொருள்; அதற்கு அமிலம் மட்டுமே போதும். ஒரு பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயின் கழுத்தில் சுற்றி, அரை மணி நேரம் விட்டுப் பிரித்தால், படிவம் இளகியிருக்கும். பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள். சோடாவைத் தனியாக, சிறிது தண்ணீரில் குழைத்து, எண்ணெய்ப் பிசுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தரை பளிங்கு என்றால் வினிகர் ஒரு சொட்டும் படக்கூடாது; பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான், பளபளப்பு அரிக்கப்பட்டுவிடும். வினிகர் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது என்பதால், குழந்தை தவழும் இடத்தைச் சோப்புநீரால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். வினிகர் இயற்கைப் பொருள்தான் என்றாலும், புட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்திலேயே வையுங்கள்.