இடையில் படும் கறையைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 44, கொருக்குப்பேட்டை. ஒரு வருடமாக மாதவிலக்கு 8 நாள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது. நடுவிலும் சில நாள் கறை படுகிறது. ஹீமோகுளோபின் 8. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 2 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி. மெடிக்கலில் வாங்கிய மாத்திரை போட்டால் நிற்கிறது, விட்டால் கொட்டுகிறது. கட்டி புற்றுநோயாகும், கர்ப்பப்பையை எடுத்துவிடு என்கிறார்கள். எடுக்கவா?

பதில்: அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஃபைப்ராய்டில் புற்றுநோய் என்பது மிக மிக அரிது. யூடியூபைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவனிக்க வேண்டியது நடுவில் படும் கறை. 40 தாண்டியவருக்கு இது இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும். மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம், ஓ.பி.யிலேயே சில நிமிட வேலை. விலக்கு வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, இதற்கு ஈடாகாது. ரிப்போர்ட் வராமல் ஆபரேஷன் தேதி குறிக்கக் கூடாது; உள்ளே புற்றுநோய் இருந்தால் செய்ய வேண்டிய ஆபரேஷனே வேறு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனைக்கு இந்த வாரமே போங்கள்.

மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், விலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையாக இருக்கலாம். அதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உள்சவ்வு உதிர்ந்து கொட்டுவது இயல்பு. நினைத்தபோது போட்டு நினைத்தபோது விட்டால் எந்தக் கறை மாத்திரையால், எது நோயால் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மெடிக்கல் கடைக்காரர் உங்கள் உள்சவ்வைப் பார்த்ததில்லை.

ரிப்போர்ட் சுத்தம் என்றால் வழிகள் உண்டு. டிரானெக்ஸாமிக் ஆசிட் 500 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, அதிகம் போகும் 4 நாள் மட்டும்: ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகும், செலவும் குறைவு. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தவர்கள் தொடக் கூடாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் (coil) வெளியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய், ஆனால் குறைந்தது 5 வருடம் நிற்கும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் போக்கு பத்தில் ஒரு பங்காகிவிடும். முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச்சொட்டாகப் படும். அதைப் பார்த்துப் பயந்து கழற்றச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் கட்டி உள்சவ்வைத் தள்ளாதவரை காயிலே என் தேர்வு.

கர்ப்பப்பையை எடுத்தால் போக்கு அடியோடு நிற்கும். ஆனால் வயிற்றைத் திறந்து செய்தால் 6 வாரம் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. சினைப்பையை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் சற்று முன்னதாக வரலாம். ஹீமோகுளோபின் 8-ல் யாரும் மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள். எந்த வழியானாலும் முதலில் இரும்புச்சத்து ஏற வேண்டும். மாத்திரை என்றால் டீ, காபிக்கு 2 மணி நேரம் தள்ளி.

தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.