கலந்துகிடக்கும் சுழற்சிகளைப் பிரிக்கிறது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (முல்லைத்தீவு): அண்ணை, ஒரு வருடமாகத் தினமும் காலை 6 மணிக்குக் கடல்மட்டம் அளந்து எழுதுகிறோம். 15 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பூரணைப் பெருக்குத்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. அமாவாசை, பூரணைக்குப் பெருக்கும் கூடும், வற்றும் கூடும். வீச்சுத்தான் மாறும், மட்டம் மொத்தமாக ஏறாது. நீங்கள் காண்பது நிலவின் 12.42 மணித்தியால வற்றுப்பெருக்கை. அது நாளுக்கு 50 நிமிடம் பிந்திக்கொண்டே போவதால், 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிறவருக்கு 14.77 நாள் சுழற்சியாகத் தெரியும். நிலவால் நாளுக்கொருமுறை வரும் 25.82 மணித்தியால அலையும் 14.19 நாளாக வேடம் போடும், இந்த இரண்டையும் பிரிக்கவே ஒரு வருடம் வேண்டும், உங்கள் கணக்கு மட்டுமட்டு. சூரியனின் 12 மணித்தியாலச் சுழற்சி காலை 6 மணிக்கு எப்போதும் ஒரே நிலையில் நிற்பதால் சராசரிக்குள் மறைந்துவிடும். நிலவும் சூரியனும் சேர்ந்து தரும் 23.93 மணித்தியால அலை வருடச் சுழற்சியோடு ஒட்டிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் கழற்ற ஏலாது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்தால் 12.42ஐயும் 12ஐயும் பிரிக்க 15 நாளே போதும்.

கேள்வி (மன்னார்க் கரை): 4 மாத மீன்பாட்டுக் கணக்கு இருக்கிறது. ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, நிலவு காலத்தில் பாடு குறைவு. இரண்டையும் பிரிக்கலாமா?

பதில்: முதலில் ஞாயிறுக்குப் பூச்சியம் போட்டிருந்தால் அழித்துவிட்டு வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் கிழமைச் சுழற்சி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். 29.53 நாள் நிலவுச் சுழற்சி தனியே தெரியும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அதன் நாலிலொரு பங்கான 7.38 நாள் துணை அலையும் கூடவே வரலாம், அது 7 நாள் கிழமைச் சுழற்சியோடு கலந்துவிடும். இரண்டையும் பெருக்கி வித்தியாசத்தால் வகுத்தால் 135 நாளளவு வரும், அவ்வளவாவது கணக்கு வேண்டும். இன்னும் ஒரு மாதம் எழுதுங்கள். விடுபட்ட நாட்களுக்கு லோம்ப்–ஸ்கார்கிள் முறை (1976, 1982) இருக்கிறதுதான், ஆனாலும் ஞாயிறு தோறும் வரும் ஓட்டையே ஒரு 7 நாள் நிழலை விழுத்தும். அதனால் எல்லாச் சுழற்சிகளையும் சைன் அலைகளாக ஒரே சமன்பாட்டில் போட்டு, பிழைகளின் வர்க்கத் தொகையை மிகக் குறைக்கும் இழிவு வர்க்க முறையில் சேர்த்துப் பொருத்துவதே எனக்குப் பிடிக்கும்.

கேள்வி (கிளிநொச்சி மாணவி): இரணைமடுப் பக்கத்து மாத மழையில் எந்தெந்தச் சுழற்சி பலமென்று வரைந்து பார்த்தால் 12 மாதம், 6 மாதம் என்று இரண்டு உச்சம் வருகிறது. இரண்டு காரணமா?

பதில்: அப்படி எழுதிவிடாதீர்கள் தங்கச்சி. எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கிறது. அப்படிக் கூரான வடிவம் எதுவாக இருந்தாலும் 12 மாத சைன் அலை ஒன்றால் வரைய முடியாது, 6, 4, 3 மாதத் துணை அலைகள் தானாக வந்து ஒட்டும். சித்திரை மழைக்கும் அந்த 6 மாதத்தில் பங்குண்டு, ஆனால் எவ்வளவென்று உச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மாதவாரியாகச் சராசரி போட்டுப் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): கணக்கைப் போக்கு, சுழற்சி, மிச்சம் என்று பிரிக்கும் எஸ்டிஎல் முறை போதுமா?

பதில்: 1990இல் வந்த அந்த முறை ஒரே ஒரு சுழற்சிக்குத்தான். பல சுழற்சி என்றால் அதை விரித்த எம்எஸ்டிஎல், ஆர் என்ற கணினி மொழியில் இலவசமாகவே இருக்கிறது. மின்பாவனையின் 24 மணித்தியாலம், 168 மணித்தியாலம் போன்ற முழு எண்களுக்கு நல்லது. 12.42 போன்றவற்றுக்குச் சரிவராது, அதற்கு மேலே சொன்ன சைன் பொருத்தல்தான்.