அப்பாவின் 6×6 ஸ்லைடுகளை எந்த புரொஜெக்டரில் பார்ப்பது?

கேள்வி: அப்பா யாஷிகா-மேட் கேமராவில் எடுத்த 6×6 செ.மீ. கலர் ஸ்லைடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. வீட்டிலுள்ள 35 எம்.எம். புரொஜெக்டரில் அவை நுழையவில்லை. பழைய ரோலை (Rollei) பி11 புரொஜெக்டர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? ஸ்லைடுகளையே வெட்டிச் சின்ன ஃபிரேமில் போடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: முதலில் கத்திரிக்கோலை எடுத்து உள்ளே வையுங்கள். 4×4 செ.மீ. அளவுக்கு வெட்டினால் 5 செ.மீ. ஃபிரேமில் அடங்கும், உங்கள் புரொஜெக்டரிலும் ஓடும். ஆனால் அப்பா எடுத்த படத்தில் ஏறக்குறைய பாதி குப்பைக்குப் போய்விடும்.

ரோலை பி11 நல்ல இயந்திரம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரக் கம்பெனி 1960-களில் விற்றது. 6×6, 35 எம்.எம். இரண்டையும் காட்டும். ஆனால் இவ்வளவு பழைய மெஷினைப் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, உள்ளே திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பல்புக்கும் ஸ்லைடுக்கும் நடுவே, வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸுகளை ஒட்டி, லேசான பச்சை சாயலில் ஒரு கண்ணாடி இருக்கும். வெப்பத்தை அதுதான் தடுக்கிறது. நான் வாங்கிய ஒரு பழைய புரொஜெக்டரில் அதை யாரோ கழற்றியிருந்தார்கள், எனக்குத் தெரியாது. முதல் ஸ்லைடைப் போட்ட கொஞ்ச நேரத்தில் படத்தின் நடுப்பகுதி எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியது. அணைப்பதற்குள் நிறம் போய்விட்டது. அந்தப் படம் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் கண்ணாடி விரிசலில்லாமல் இருக்கிறதா, விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். வேண்டாத ஸ்லைடு ஒன்றை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பல்பு இன்றும் கிடைக்கும் வகையா என்று கேளுங்கள். 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் என்றால் கவலையில்லை. 6×6 மேகசின் (ஸ்லைடுகளை அடுக்கும் தட்டு) கூடவே வருகிறதா என்பதும் முக்கியம், தனியாகத் தேடினால் அலைய வேண்டியிருக்கும். ஜெர்மனியில் ஓடிய 220 வோல்ட் மெஷின் நம் வீட்டுக்குச் சரிவரும்; அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வயரின் உறை தொட்டால் உதிர்கிறதா? எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

ஸ்லைடுகளை 7×7 செ.மீ. ஃபிரேமில் போட வேண்டும். கண்ணாடி ஃபிரேம் பிலிமை வளையாமல் பிடிக்கும், ஃபோகஸ் நகராது. ஆனால் கடலோர ஊரென்றால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பார்த்து முடித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். எந்த ஸ்லைடையும் ஒரு நிமிடத்துக்கு மேல் வெளிச்சத்தில் நிறுத்த வேண்டாம், சாயம் மங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

150 எம்.எம். லென்ஸ் இருந்தால் 4 மீட்டர் தூரத்தில் படம் சுமார் 1.4 மீட்டர் சதுரமாக விழும், நம் வீட்டு ஹாலுக்குப் போதும். திரைக்கு நீலம் போட்டு வெளுத்த வேட்டியைக் கட்டாதீர்கள், முகங்களெல்லாம் நீலம் பாரித்துத் தெரியும். பளபளப்பில்லாத வெள்ளைச் சுவரே நல்லது.