பாவமறியாத மாதா பாவிகளுக்கு முன்மாதிரியா?

கேள்வி: ஜென்மப் பாவம் இல்லாமல் மாதா இயேசுவைக் கருத்தரித்தார், சாகும்வரை பாவமே செய்யவில்லை என்கிறோம். பாவ நாட்டத்தோடு தினமும் மல்லுக்கட்டும் எங்களிடம் ‘மாதாவைப் போல வாழுங்கள்’ என்று பிரசங்கம் வைப்பது நியாயமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் ஒரு திருத்தம். அமலோற்பவம், அதாவது ஜென்மப் பாவம் (ஆதாம் வழியாக எல்லாரும் பிறவியிலேயே பெறும் பாவம்) இல்லாமல் கருவாவது, இயேசு கருவானதைப் பற்றியதல்ல. தாய் அன்னம்மாளின் வயிற்றில் மரியா கருவானதைப் பற்றியது. திருநாள் காலண்டரைப் பாருங்கள். டிசம்பர் 8 அமலோற்பவம். ஒன்பது மாதம் கழித்து, செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். வேளாங்கண்ணிப் பெருவிழா நாளும் அதுவே. இயேசு மனுவுருவானதை நினைக்கும் நாள் மார்ச் 25.

இந்தக் குழப்பம் சின்னதுதான். கேள்விக்கு அடியில் இருக்கும் எண்ணம்தான் பெரிது: மாதாவுக்கு மீட்பு தேவைப்படவில்லை, அவர் வேறு இனம் என்ற எண்ணம். 1854-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அறிவித்த விசுவாசக் கோட்பாடு அப்படிச் சொல்லவே இல்லை. கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு, கருவான முதல் நொடியிலிருந்தே அவர் காக்கப்பட்டார் என்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பெரிய இறையியலாளர் தூய தோமா அக்குவினாஸே தயங்கிய இடம் இது. ஜென்மப் பாவம் மரியாவைத் தொடவே இல்லையென்றால், கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் ஆவது எப்படி என்பது அவர் கவலை. விழுந்தபின் தூக்குவதைவிட விழாமல் காப்பதே நிறைவான மீட்பு என்று அவருக்குப் பின் வந்த இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் பதில் தந்தார். கடவுளை ‘என் மீட்பர்’ என்று மாதாவே பாடுகிறார் (லூக்கா 1:47).

பாவமில்லாமல் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? ஆதாமும் ஏவாளும் அப்படித்தான் படைக்கப்பட்டார்கள், விழுந்தார்கள். அருள் மாதாவின் சம்மதத்தைப் பறிக்கவில்லை, அவர் முழுமனதோடு சம்மதிக்க வழி செய்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிடவும் இல்லை. வானதூதரிடம் ‘இது எப்படி நிகழும்?’ என்று கேட்டார். கோவிலில் தங்கிவிட்ட மகனைக் கவலையோடு தேடினார். மகன் சொன்ன பதில் தாய்க்கும் சூசையப்பருக்கும் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார் (2:50). அவர் விசுவாசப் பயணத்தில் முன்னேறினார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டம்) சொல்வது இதனால்தான். அழாத, கலங்காத சுரூபமாக மாதாவைக் காட்டும் பிரசங்கங்கள் உங்களைப் போன்றவர்களை அவரிடமிருந்து விரட்டுகின்றன. இதில் எனக்குக் கோபமே உண்டு. பாவமில்லாமையைக் கற்பு ஒன்றாகச் சுருக்கி, பெண் பிள்ளைகளை மட்டும் மிரட்டுவது அதைவிட மோசம்.

அவர் பெற்ற சலுகையை யாரும் பின்பற்ற முடியாது, பின்பற்றச் சொல்லவும் இல்லை. வாழ்நாள் முழுதும் அற்பப் பாவம்கூட இல்லாமலிருக்க தனிச் சலுகை வேண்டும் என்று திரிதெந்தின் சங்கம் 1547-லேயே சொல்லிவிட்டது. திருமுழுக்கு ஜென்மப் பாவத்தைப் போக்கும். பாவ நாட்டம் மிஞ்சும். உங்கள் போராட்டமே பாவம் என்று எண்ண வேண்டாம், சம்மதித்தால்தான் பாவம். டிசம்பர் 8 பூசையின் இரண்டாம் வாசகம் (எபேசியர் 1) நம் எல்லாரையும் பற்றியது: தூயோராக, மாசற்றோராக விளங்க உலகம் தோன்றுமுன்பே கடவுள் நம்மைத் தேர்ந்தெடுத்தார் என்கிறது. மாதாவிடம் தொடக்கத்திலேயே நிறைவேறியது நம்மிடம் மெல்ல நிறைவேறுகிறது.

செய்யக்கூடியது இது. நவம்பர் 29 முதல் டிசம்பர் 7 வரை நவநாள் (ஒன்பது நாள் செபம்) வைத்து, இரவில் லூக்கா 1:26-38 வாசியுங்கள். பிறகு, இன்று கடவுள் என்னிடம் கேட்டது எது, எங்கே நழுவினேன் என்று பாருங்கள். ஒரே ஒரு இடம் போதும். பெரும்பாலானோர் விண்ணப்பங்களை அடுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; நவநாள் முடியுமுன் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யுங்கள். குறைகளைப் பட்டியல் போடத் தொடங்கினால் மூன்றாம் நாளே மனம் சோர்ந்து, செய்யாத பாவமும் செய்ததாகத் தோன்றும். அப்படித் தோன்றினால் பட்டியலை விட்டுவிட்டு, எப்போதும் ஒரே குருவிடம் போய் அவர் சொல்வதைக் கேளுங்கள்.