பதினெட்டும் பதிமூன்றும்

அன்புள்ள அண்ணா,

நண்பர்கள் ஐந்து பேர் மூன்று வாரமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்). கேரக்டர் உருவாக்கும்போது வலிமை, புத்தி போன்ற ஆறு திறன்களுக்கும் ஒவ்வொரு முறை நான்கு ஆறுமுகப் பகடை உருட்டி, குறைந்ததை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினோம். நண்பனின் பாலடினுக்கு (புனித வீரன்) வலிமை 18. என் ஃபைட்டருக்கு (போர்வீரன்) இருப்பதிலேயே பெரிய எண் 13, அதை வலிமைக்குப் போட்டேன். சண்டை என்று வந்தால் அவன் முடித்துவிடுகிறான், நான் வேடிக்கை பார்க்கிறேன். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் சொன்னால், "அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான் உருட்டுகிறார்கள், அதிர்ஷ்டமும் ஆட்டம்தான்" என்கிறார். எனக்கு வெறும் பொறாமைதானா? பேசாமல் என் ஃபைட்டரைச் சாகவிட்டு, புதிதாக உருட்டிக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பொறாமை இல்லை. கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழ எட்ட வேண்டிய எண், 15 என்று வையுங்கள். இருவர் கையிலும் நீள்வாள், இருவரும் முதல் லெவல். கூடுதல்களையெல்லாம் சேர்த்தால், உங்கள் நண்பர் இருபதுமுகப் பகடையில் 9 போட்டால் போதும், அடி விழும். உங்களுக்கு 12 வேண்டும். அவருக்கு 60 சதவீத வாய்ப்பு, உங்களுக்கு 45. பட்ட அடியிலும் வலிமைக்காக அவர் 4 கூட்டிக்கொள்கிறார், நீங்கள் 1. மற்ற சலுகைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு சுற்றுக்குச் சராசரியாக எதிரியிடமிருந்து அவர் எடுக்கும் ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) உங்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே ஒரு நாள் உருட்டியதற்கு, ஆட்டம் நடக்கும் காலம் முழுக்க நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாஸ்டர் சொல்லும் வரலாறு சரிதான். ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் விதிகளில் மூன்றே பகடைதான். விழுந்த எண் விழுந்த இடத்தில். 18 விழ 216-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த 18 விழுந்துதான் என்ன கிடைத்தது? வலிமை 18 இருந்தாலும் வாள்வீச்சில் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. ஃபைட்டருக்கு அனுபவப் புள்ளி 10 சதவீதம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். எந்த ஆயுதமானாலும் அடிக்கு ஒரே ஆறுமுகப் பகடை. வலிமைக்கு அடியில் கூடுதல் வந்ததே அடுத்த ஆண்டு வெளியான கிரேஹாக் என்ற விதி இணைப்பில்தான். புது ஆள் ஒரே அடியில் செத்துப்போவது அன்று சர்வசாதாரணம். செத்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்த கேரக்டரின் தாள் தயாராகிவிடும். எண் சிறியதாக இருந்தாலும் வலிக்காத ஆட்டம் அது. இன்று இரண்டு புள்ளிக்கு ஒரு கூடுதல், அதுவும் எல்லா உருட்டலிலும். ஒரே ஆளை மாதக்கணக்கில் வைத்து ஆடுகிறோம். அன்றைய பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிய விதிகளை விட்டுவிட்டால் உங்களைப் போல ஒருவர் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

அதற்காக, ஆளுக்கு 27 புள்ளி கொடுத்து, அதில் திறன் எண்களை வாங்கிக்கொள்ளச் சொல்லும் விதிப்புத்தக முறைக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எண்கள் சமமானாலும் கேரக்டர் வகைகள் சமமில்லை. ஐந்தாம் லெவலில் விசார்டுக்கு (மந்திரவாதி) ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரம் வரும். எட்டு பகடை, சராசரி 28, இருபதடி ஆரமுள்ள வட்டத்துக்குள் நிற்கும் எல்லோர் மேலும். அதே லெவலில் ஃபைட்டருக்குக் கிடைப்பது இரண்டாவது வீச்சு. விசார்டால் ஃபயர்பாலைக் கதையின் ஒரு நாளில் இரண்டு மூன்று முறைதான் எறிய முடியும் என்பதுதான் கடிவாளம். 2014 மாஸ்டர் கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் வரை எதிர்பார்க்கிறது. பல மேசைகளில் ஒரு சண்டை முடிந்ததுமே கேரக்டர்கள் எல்லோரும் படுத்துத் தூங்கி, செலவழித்த மந்திரத்தை மீட்டுக்கொள்கிறார்கள். கடிவாளம் அங்கேயே அறுந்துவிடுகிறது. இதை உங்கள் மாஸ்டர் இப்போதே கவனித்தால் நல்லது.

பகடையின் பரபரப்பும் வேண்டும், யாரும் ஓரமாகவும் உட்காரக் கூடாது என்றால், நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மாஸ்டரோடு சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு ஓர் எண் உருட்டி, ஆறு எண்களையும் நடுவில் ஒரே தாளில் எழுதுவோம். எல்லோருக்கும் அதே ஆறுதான், யார் எதை எங்கே வைக்கிறார்கள் என்பது அவரவர் விருப்பம். ஒருமுறை அதில் ஒரு 5 விழுந்துவிட்டது. அந்த 5-ஐ எங்கே வைப்பது என்று அன்று அரை மணி நேரம் பேசினோம். நான் என் விசார்டின் வலிமையில் வைத்தேன். மந்திரப் புத்தகத்தைக்கூட வேறொருவர்தான் தூக்கி வருவார். பக்கத்திலிருந்தவர் புத்திக்கு வைத்தார், எழுதப் படிக்கத் தெரியாத காவல்வீரன் ஒருவன் பிறந்தான். என் புத்தகத்தைச் சுமந்தது அவன்தான். அந்த இருவரின் நட்பு அந்த 5-இலிருந்து வந்தது. இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் முதலில் அவர்களைத்தான் பேசுவோம்.

உங்கள் ஃபைட்டரைச் சாகவிட வேண்டாம். மூன்று வாரம் ஒரு பெயரோடு வாழ்ந்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கை மாஸ்டரிடம் காட்டுங்கள். பெயர், கதை, கையிலிருக்கும் வாள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எண்களை மட்டும் 15, 14, 13, 12, 10, 8 என்று மாற்றி எழுதிக்கொள்கிறேன் என்று கேளுங்கள். புத்தகத்திலேயே உள்ள வரிசைதான் அது. நண்பரின் 18-ஐ யாரும் தொட வேண்டியதில்லை, அது அவர் உருட்டியது. அப்புறம் அடுத்த வாரம் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.