ரிசீவரைக் கழற்றும் முன்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

தீபாவளி போனஸில் ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள், பட்டாசுக் குப்பை கூட்டி முடித்த கையோடு என்னைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு பழைய வடாற்காடு முழுக்க இந்த வேலை செய்து தலை நரைத்தாயிற்று. "ரிசீவர் போயிடுச்சு" என்று கூப்பிடுகிற வீட்டில் ரிசீவர் (டிவி, பாக்ஸ் சத்தத்தையெல்லாம் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) போயிருப்பது அபூர்வம். ஒயரோ, டிவி மெனுவோதான் காரணமாக இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றுதான் ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகிறது. டிவியில் இருக்கும் ஆப்பில் படம் போட்டால் சத்தம் டிவியிலேயே வருகிறது. ரிசீவர் ஊமையாக நிற்கிறது.

தம்பி, டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும், 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருப்பது ஒன்றில் மட்டும்தான். எச்.டி.எம்.ஐ. ஒயரில் சத்தம் டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும் வழி அது ஒன்றே. ரிசீவர் பக்கம் 'அவுட்' என்பதில் ஏ.ஆர்.சி. என்று போட்டிருக்கும், ஒயர் அங்கே இருக்க வேண்டும். ஒயரை மாற்றினால் மட்டும் போதாது. டிவி, ரிசீவர் இரண்டிலும் சி.இ.சி. வசதியை (எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்ய வேண்டும். டிவி மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் அது 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. ஆளுக்கொரு பெயர் வைத்து நம் உயிரை வாங்குகிறார்கள். கடைசியாக ரிசீவர் மெனுவிலும் ஏ.ஆர்.சி. ஆனில் இருக்கிறதா பாருங்கள். எல்லாம் செய்தும் வரவில்லையென்றால், இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது கணக்கில் வராது.

அதே தம்பி, மறுநாள்: வந்துவிட்டது அண்ணே! ஆனால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும்தான்.

டிவி மெனுவில் ஆடியோ அவுட்புட் (சத்தத்தை எந்த வடிவில் வெளியே அனுப்புவது என்பது) 'பி.சி.எம்.' என்று இருக்கும். ஏ.ஆர்.சி. வழியாக பி.சி.எம். வந்தால் இரண்டு சேனலோடு, அதாவது இடது வலதோடு சரி. 'பிட்ஸ்ட்ரீம்', 'ஆட்டோ', 'பாஸ் த்ரூ' இதில் எது உங்கள் டிவியில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். மாற்றியும் வராவிட்டால் படத்தைச் சந்தேகப்படுங்கள். சில படங்களுக்குத் தமிழ் ஒலி ஸ்டீரியோவில் மட்டும் இருக்கும். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) என்று காட்டுகிற படமாகப் போட்டுச் சோதியுங்கள்.

ஆற்காடு: சத்தம் கொஞ்சம் கூட்டினாலே டக்கென்று அணைந்து சிவப்பு விளக்கு மினுக்குகிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோகவா?

கொஞ்சம் பொறுங்கள் சார். பிளக்கைப் பிடுங்குங்கள். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் ஒயர்கள் அத்தனையையும் கழற்றிவிட்டு, வெறும் ரிசீவரை மட்டும் ஆன் செய்து பாருங்கள். அப்போதும் அணைந்தால் சர்வீஸ்தான், வேறு வழியில்லை. நின்று ஓடினால் குற்றம் வெளியே இருக்கிறது. இனி ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சேருங்கள். எந்த ஸ்பீக்கரைச் சேர்த்ததும் அணைகிறதோ, அதுதான் ஆள்.

இதே கோளாறுக்கு இங்கே காந்தி நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். சிவப்புத் திருகுக்கும் கறுப்புத் திருகுக்கும் நடுவில், தலைமுடியை விட மெல்லிசாக ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து சாய்ந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது மின்னியது. அந்த ஒரு இழைக்காக அவர் புது ரிசீவருக்கு விலை விசாரித்துவிட்டார்! ஒயர் முனையை அரை அங்குலத்துக்கு மேல் சீவாதீர்கள். இழைகளைத் திரி மாதிரி இறுக்கமாக முறுக்கிச் செருகுங்கள். முடிந்தால் பனானா பிளக் (ஒயர் முனையில் மாட்டும் சின்ன உலோக முனை) போட்டுவிடுங்கள்.

இழை எதுவும் இல்லையென்றால் இரண்டு காரணம் பாக்கி. ஒன்று, பழைய டிவிடி செட்டோடு வந்த குட்டி ஸ்பீக்கர். அதன் முதுகில் மின்தடை 3 ஓம் அல்லது 4 ஓம் என்றிருக்கும். உங்கள் ரிசீவரோ குறைந்தது 6 ஓம் கேட்கலாம்; அதற்குக் குறைந்தால் கரண்ட் அதிகம் இழுபட்டு அணைந்துவிடும். இரண்டாவது சூடு. சித்திரை வெயிலில் நம் ஊரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது, நீங்கள் ரிசீவரை ஷோகேஸில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். அது வியர்க்கவும் முடியாமல் என்ன செய்யும்? கதவைத் திறந்து வையுங்கள். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். முக்கியமாக, அதன் தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து ஓர் அக்கா: படம் ஓடாதபோதும் சப்வூஃபர் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கிறது தம்பி. ராத்திரியில் பயமாகவே இருக்கிறது.

பேயெல்லாம் இல்லை அக்கா, எர்த் பிரச்சினை. முதலில் ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள் (கரண்ட் ஒயரை அல்ல). முனகல் அப்படியே இருந்தால் சப்வூஃபருக்குள்ளேயே கோளாறு. நின்றுவிட்டால் அந்த ஒயரைத் திரும்ப மாட்டி, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரின் திருகைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சத்தம் நிற்கும். கேபிள் ஒயர் தெருவிலிருந்து ஓர் எர்த்தைக் கொண்டுவருகிறது, உங்கள் வீட்டு பிளக் இன்னொன்றைத் தருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் மின்சாரம்தான் அந்த முனகல். கேபிளுக்கு நடுவில் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன உருளை போட்டால் தீரும். மாடியில் டிஷ் வைத்திருந்தால் இதைப் போடாதீர்கள், டிஷ்ஷுக்குக் கரண்ட் அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது. டிஷ் வைத்திருப்பவர்கள் டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றுக்கும் கரண்டை ஒரே போர்டிலிருந்து எடுத்துப் பார்க்கலாம்.

யாராவது வந்து "மூணாவது பின்னை வெட்டிடுங்க, சரியாயிடும்" என்று சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சத்தம் நிற்கும், ஆனால் என்றைக்காவது ஷாக் அடிக்கும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கொர்ரென்றால் அது ஸ்கொயர் வேவ் (சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகக் கரண்ட் தரும்) இன்வெர்ட்டர். அந்த நேரத்தில் படத்தை நிறுத்திவைப்பது நல்லது.

ஆம்பூர்: மச்சான் அமெரிக்காவிலிருந்து ரிசீவர் கொண்டுவந்தார். பிளக்கில் போட்டதும் 'பட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பின்னால் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கிறதா? நம் வீட்டில் 230. அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போயிருக்கும். மெக்கானிக்கிடம் காட்டி, அதே அளவு ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றவிடாதீர்கள். உயிர் வந்தால் 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். ரிசீவர் முதுகில் 500 வாட் என்றிருந்தால் 1000 வி.ஏ. (டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு) எடுங்கள். கையில் தூக்கினால் கனக்க வேண்டும். பயணத்துக்கு விற்கிற இலேசான கன்வெர்ட்டர் ஆகாது. மச்சானைத் திட்ட வேண்டாம், பாவம், அவ்வளவு எடையைச் சுமந்து வந்திருக்கிறார்.

வாலாஜாபேட்டை: பென்டிரைவை டிவியில் செருகினால் சில படங்களில் சத்தமே வருவதில்லை.

அந்தப் படங்களின் ஒலி டி.டி.எஸ். என்ற வடிவத்தில் இருக்கும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து அதை விட்டுவிட்டது, மற்ற பல டிவிகளிலும் கிடையாது. உங்கள் ரிசீவருக்கு டி.டி.எஸ். தெரியும், ஆனால் டிவி அதைக் கடத்திவிடாது. மீடியா பிளேயர் ஒன்றை நேரே ரிசீவரின் எச்.டி.எம்.ஐ.யில் மாட்டி, பென்டிரைவை அதில் செருகுங்கள்.

ராணிப்பேட்டை: மைக் வைத்து, ஸ்பீக்கர் தூரத்தை ரிசீவரே அளக்கும் ஆட்டோ செட்டப் செய்தேன். சப்வூஃபர் 8 அடியில் இருக்கிறது, ரிசீவர் 14 அடி என்கிறது. திருத்திவிடவா?

தொடாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. ஒலி ஓர் அடி போக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் அடிக்கணக்கில் சேர்த்துச் சொல்கிறது. நீங்கள் மாற்ற வேண்டியது வேறு. ஸ்பீக்கர் 'லார்ஜ்' என்று காட்டினால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள கனத்த ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மைக்கை சோபாவில் போடாமல், காது உயரத்துக்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபேனை அணையுங்கள். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் அளந்துவிட்டு, "ரியர் ஸ்பீக்கர் சரியில்லை" என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு.

ஆரணி: 4கே பாக்ஸை ரிசீவர் வழியாகக் கொடுத்தால் படம் விட்டு விட்டு வருகிறது. நேராக டிவியில் போட்டால் நன்றாக இருக்கிறது. ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒயர் சுவருக்குள் 10 மீட்டர்.

அந்த 10 மீட்டரில்தான் வினை. 4கே 60 ஹெர்ட்ஸ் எச்.டி.ஆர். படத்துக்கு விநாடிக்கு 18 கிகாபிட் வரை தாங்க வேண்டும். சாதாரணச் செம்பு ஒயர் 5 மீட்டரைத் தாண்டினாலே திணறும். செம்புக்குப் பதில் ஒளியில் சிக்னலைக் கடத்தும் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. ஒயர் இழுங்கள், ஏ.ஆர்.சி. உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' முனை ரிசீவருக்கு, 'டிஸ்ப்ளே' முனை டிவிக்கு. மாற்றி இழுத்துப் பூசிவிட்டால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். பூசுவதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு ஒரு படம் முழுக்கப் பாருங்கள்.

வந்தவாசி: சண்டைக் காட்சி வீட்டை அதிர வைக்கிறது, வசனம் காதில் விழவில்லை.

வசனம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அதை அலமாரியின் ஆழத்தில் தள்ளியிருப்பீர்கள். விளிம்புக்கு இழுத்து, அடியில் ரப்பர் வைத்து முகத்தை உங்கள் காதைப் பார்த்துத் தூக்குங்கள். ரிசீவரில் சென்டரை 2, 3 டெசிபல் கூட்டுங்கள். அப்புறம் அந்தப் பளபள டைல்ஸ் தரை. உங்கள் ஊர்க் கோரைப்பாய் பேர்போனதுதான், ஆனால் எதிரொலியைக் குடிக்க அது மெல்லிசு. கனமான ஜமுக்காளம் ஒன்று, ஜன்னலுக்குத் தடித்த திரை, இரண்டும் போட்டுவிட்டு அதே காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். பாயைச் சுருட்டி வையுங்கள், படம் முடிந்ததும் படுக்க ஆகும்.